முதுநிலை நிதிநிலை ஆய்வாளர் பணி: துறைகள் கேட்கும் தொகையை எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

பற்றுவரவு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அரசின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், அண்மையில் வரவு செலவுத் திட்டப் பிரிவுக்கு முதுநிலை ஆய்வாளராக வந்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் நடந்து முடிந்த செலவைத்தான் சரிபார்த்தோம். சான்றுச்சீட்டு இருந்தால் ஏற்போம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவோம். இங்கே இன்னும் நடக்காத செலவைப் பற்றிக் கருத்து எழுத வேண்டியிருக்கிறது. துறைகள் அனுப்பும் முன்மொழிவுகளிலோ சென்ற ஆண்டு ஒதுக்கீடு, அதன்மேல் ஒரு விழுக்காட்டு உயர்வு, கீழே இரண்டு வரி விளக்கம் என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. எனக்கு முன்பு இந்த இருக்கையில் இருந்தவர்கள் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து மேலே அனுப்புவது வழக்கமாம். அதைத் தெரிந்துகொண்ட துறைகள் முன்கூட்டியே அந்தப் பத்தில் ஒரு பங்கை ஏற்றிக் கேட்கின்றன.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர எதை முதலில் சோதிக்க வேண்டும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு திட்டம் பொதுவெளியில் அறிவிக்கப்பட்டுவிட்டது, ஆனால் ஒதுக்கீட்டுக்குள் அது அடங்காது என்று கணக்கு சொல்கிறது. அப்போது குறிப்பை எப்படி எழுதுவது?

---

மூன்றாம் பத்தி எழுதியது:

உயர்வைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அடித்தொகையை, அதாவது சென்ற ஆண்டிலிருந்து அப்படியே தொடரும் தொகையைப் பாருங்கள். ஒரு துறை 6 விழுக்காடு கூடுதலாகக் கேட்டால், கூட்டத்தில் எல்லோரும் அந்த ஆறைப் பற்றியே வாதாடுவார்கள். அதற்கு அடியில் இருக்கும் நூறு எவர் கண்ணிலும் படாமல் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். சென்ற ஆண்டு தேர்தலுக்கென்றோ மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கென்றோ ஒரே ஒரு முறை கொடுத்த தொகை, அந்த வேலை முடிந்த பிறகும் அடித்தொகைக்குள் உட்கார்ந்திருப்பதை நீங்கள் நிச்சயம் காண்பீர்கள்.

சம்பளத் தலைப்பிலிருந்து, அதாவது கணக்கில் சம்பளத்துக்கென்று உள்ள செலவு வகையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் அங்கே தொகையும் பெரிது, சரிபார்ப்பதும் எளிது. ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் 1,000, ஆள் இருப்பது 860 என்று வைத்துக்கொள்வோம். துறை 1,000 பேருக்கும் கேட்கும். நிரப்பப்படாத 140 இடங்களுக்கான தொகை செலவாகாமல் கருவூலத்துக்குத் திரும்பும் என்று நாம் நினைப்போம். ஆனால் ஆண்டின் நடுவில் அது, ஒரு தலைப்பின் பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்றும் மறு ஒதுக்கத்தின் வழியாகப் பயணப்படிக்கும் வாகன எரிபொருளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எனவே மறு ஒதுக்க ஆணைகளை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்துப் படியுங்கள். எந்தத் தலைப்பிலிருந்து ஆண்டுதோறும் பணம் வெளியேறுகிறது, எந்தத் தலைப்புக்கு வந்து சேர்கிறது என்பது தெரிந்துவிட்டால், துறையின் உண்மையான வரவு செலவுத் திட்டம் எது என்பதும் தெரிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: காலியிடங்களில் ஒப்பந்தப் பணியாளர்கள் வேலை செய்துகொண்டிருக்கலாம், அவர்களுக்கான செலவு வேறொரு தலைப்பில் இருக்கலாம். அதைக் கேட்டறியாமல் 140 பேருக்கான தொகையை வெட்டினால் பணி நின்றுவிடும், பழி உங்கள் குறிப்பின்மேல் விழும்.

அடுத்தது, புதிய பணியிடங்களின் முழு ஆண்டு விளைவு. 120 பேரை நிதியாண்டின் ஏழாம் மாதத்தில் அமர்த்துகிறார்கள், ஒருவருக்கு மாதம் 50,000 என்றால், முதல் ஆண்டில் ஆறு மாதச் செலவு 3.6 கோடி. முன்மொழிவில் இந்த எண்தான் இருக்கும், ஒப்புதலும் இதற்குத்தான் கிடைக்கும். மறு ஆண்டில் ஒரே ஒரு புதிய பணியிடம்கூட இல்லாமல் அதே செலவு 7.2 கோடியாகிவிடும், அதை எவரும் புதிய முடிவாகக் கருத மாட்டார்கள், ஏற்கெனவே எடுத்த முடிவின் தொடர்ச்சி என்பார்கள். ஆகவே எந்த முன்மொழிவையும் முதல் ஆண்டுத் தொகையோடு மேலே அனுப்பாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கான தொகை ஒரே அட்டவணையில், ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

---

செலவினக் காற்று எழுதியது:

இவ்வளவு தோண்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு துறையும் தன் செலவு அனைத்தையும் பூச்சியத்திலிருந்து நியாயப்படுத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் போதாதா? அடித்தொகை என்ற ஒன்றே இல்லாவிட்டால் அதற்குள் ஒளிவதற்கும் இடமிருக்காதே. தனியார் நிறுவனங்கள் இதைச் செய்கின்றனவே.

---

மூன்றாம் பத்தி எழுதியது:

நண்பர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே பெரிய அளவில் முயன்று பார்க்கப்பட்ட வழி. ஜிம்மி கார்ட்டர் 1970-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்தபோது பூச்சிய அடிப்படை முறையைக் கொண்டுவந்தார். 1977-ல் அதிபரானதும் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு முழுவதற்கும் அதை விரித்தார். 1981-ல் ரீகன் அரசு அதைக் கைவிட்டது. காரணம் சோம்பல் மட்டுமன்று. ஓய்வூதியம், கடன் வட்டி, சட்டப்படி கொடுத்தாக வேண்டிய உதவித்தொகைகள் ஆகியவை எந்த நியாயம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொடுக்கப்பட வேண்டியவை. அவற்றுக்கும் சேர்த்துக் கட்டுக்கட்டாகத் தாள் வந்தால் ஆய்வாளர் படிப்பது முதல் பக்கத்தை மட்டுமே. என் கருத்தில், ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து அடிவரை தோண்டுவதே ஒரு சிறிய பிரிவால் முடியக்கூடியது. எந்தத் தலைப்பு என்பதை முன்கூட்டியே துறைக்குச் சொல்லிவிடுங்கள்; அதன் பிறகு பத்தில் ஒரு பங்கை ஏற்றிக் கேட்பதில் அவர்களுக்கும் பயனில்லை.

---

நிலுவை எழுதியது:

மாதவாரிச் செலவையும் பார்க்கும்படி சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஆண்டு மொத்தத்தில் 100 விழுக்காடு செலவாகிவிட்டது என்ற வரி எதையும் காட்டாது. பதினோரு மாதம் 70 விழுக்காட்டில் நின்றுவிட்டுக் கடைசி மாதத்தில் முப்பது செலவாகியிருக்கிறதா என்பதுதான் செய்தி. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் 2004 முதல் 2009 வரையிலான கொள்முதலை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் கடைசி வாரச் செலவு ஏனைய வாரங்களின் சராசரியைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும், அந்த வாரத்தில் ஒப்பந்தமான தகவல் தொழில்நுட்பத் திட்டங்களின் தரம் குறைவு என்றும் கண்டார்கள். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதி பெற்றிருந்த நீதித்துறை அமைச்சகத்தின் தகவல் தொழில்நுட்பக் கொள்முதலில் அந்தக் கடைசி வாரப் பாய்ச்சல் இல்லை. செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வெட்டுவோம் என்று நாமே சொல்லிவிட்டு, கடைசி வாரத்தில் மேசை நாற்காலி வாங்கினார்கள் என்று குறை சொல்வது பொருத்தமில்லை.

அறிவிக்கப்பட்டுவிட்ட திட்டம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். “இது சாத்தியமில்லை” என்று எழுதாதீர்கள்; அது கணக்காக இராது, கருத்தாகிவிடும், கருத்தை ஒரே கையெழுத்தில் தள்ளிவிடலாம். எந்த ஆண்டில், எந்தத் தலைப்பில், எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள். பயனாளிகளின் எண்ணிக்கையை எங்கிருந்து எடுத்தீர்கள், தகுதியுள்ளவர்களில் எத்தனை விழுக்காட்டினர் விண்ணப்பிப்பார்கள் என்று கொண்டீர்கள், அந்த விழுக்காடு பத்துப் புள்ளி கூடினால் தொகை எங்கே போகும் என்பவை குறிப்பிலேயே இருக்கட்டும். அறிவிப்பை மீறாமலேயே செய்யக்கூடிய மாற்றங்கள் எப்போதும் சில உண்டு: தொடங்கும் மாதத்தைத் தள்ளலாம், மாவட்டம் மாவட்டமாக விரிக்கலாம், ஏற்கெனவே இதே மக்களுக்கு இதே நோக்கத்தில் ஓடும் பழைய திட்டத்தை இதனோடு இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நேராகத் தொகையை எழுதி, முடிவை முடிவெடுப்பவரிடமே விட்டுவிடுங்கள்.

நாடாளுமன்றத்துக்காக வேலை செய்யும் அமெரிக்காவின் சிபிஓ (நாடாளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலகம்) போன்ற அமைப்புகள் மதிப்பீட்டை மட்டும் வெளியிடும், கொள்கைப் பரிந்துரை செய்வதில்லை. நிதித்துறை ஆய்வாளருக்கு அந்த வசதி கிடையாது, “உமது பரிந்துரை என்ன?” என்று கடைசியில் கேட்பார்கள். அதை ஒரு வரியில், கணக்கு முடிந்த பிறகு, தனிப் பத்தியாக எழுதுங்கள். மதிப்பீட்டுப் பத்திகளுக்குள் பரிந்துரை கலந்துவிட்டால், பரிந்துரையை ஏற்காதவர் எண்களையும் நம்ப மாட்டார்.

---

பற்றுவரவு எழுதியது:

மிக்க நன்றி. மறு ஒதுக்க ஆணைகளை வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்து வைத்துப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கணக்குப் பிரிவில் அவற்றைப் பதிவு செய்து கோப்பில் கட்டிவிடுவோம். மூலதனப் பணிகளுக்கும் இதே அணுகுமுறை பொருந்துமா? கட்டடத் துறையின் முன்மொழிவு ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. பன்னிரண்டு புதிய பணிகள், ஒவ்வொன்றுக்கும் முதல் ஆண்டில் மிகச் சிறிய தொகை.

---

நிலுவை எழுதியது:

அந்தச் சிறிய தொகைக்குத்தான் அடையாளத் தொகை என்று பெயர். பணி ஒப்பளிக்கப்பட்டுவிட்டது என்று காட்டுவதற்காக வைப்பது. பன்னிரண்டின் மொத்த மதிப்பீட்டையும் கேளுங்கள். அதைவிட முதன்மையாக, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பணிகளில் ஒப்பந்தக்காரர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்ட, இன்னும் செலுத்தப்படாத பாக்கி எவ்வளவு என்று பணிவாரியாகக் கேட்டு வாங்குங்கள். துறையின் ஓராண்டு மூலதன ஒதுக்கீடு அந்தப் பாக்கிக்கே போதாது என்றால், புதிய பணிகளில் எதைத் தொடங்குவது என்ற கேள்விக்கே இடமில்லை. பழையவற்றில் எதை முதலில் முடிப்பது என்பதுதான் குறிப்பின் பொருளாக இருக்க வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு அதற்கான ஆள், மின்சாரம், பராமரிப்பு ஆகியவை ஆண்டுதோறும் தொடரும் வருவாய்ச் செலவில் வரும், அவற்றைக் கட்டடத் துறை கேட்காது, கட்டடத்தைப் பயன்படுத்தப்போகும் துறைதான் கேட்கும். எனவே அந்தத் துறையின் ஒப்புதல் கடிதம், ஆண்டுத் தொகையோடு, கோப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.