புதுப்பிப்பு: நெடுஞ்சாலை 1, ஹர்ஸ்ட் மாளிகை – போய் வந்தாச்சு

கலிஃபோர்னியாவின் கடலோர நெடுஞ்சாலை 1இல், மாண்டெரேயிலிருந்து பிக் சர் என்ற மலையும் கடலும் சேர்ந்த பகுதி வழியாக ஹர்ஸ்ட் மாளிகை வரை காரில் ஒரே நாளில் போக முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடியும். ஆனால் மூச்சு வாங்கும். தூரம் 150 கிலோமீட்டர்தான், வளைவுகள்தான் நேரத்தைத் தின்கின்றன.

வடக்கிலிருந்து தெற்கே போகச் சொன்னவருக்கு நன்றி. கடல் வலப்பக்கமே வருவதால் நினைத்த இடத்தில் ஒதுங்கலாம். 1932இல் கட்டிய பிக்ஸ்பி பாலத்தில் மட்டும் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, சரி, விட்டுவிட்டோம். மலைச்சரிவால் இந்தச் சாலையை அடிக்கடி மூடுவார்கள். கிளம்பும் அன்று காலையிலும் ஒருமுறை பாருங்கள். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள், பெட்ரோலை முன்பே நிரப்பிவிடுங்கள்.

மாளிகைக்கு முன்பதிவு செய்தது நல்லதாயிற்று. காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு மாளிகையின் பேருந்தில்தான் மேலே போக வேண்டும். பத்திரிகை முதலாளி ஹர்ஸ்டுக்காக ஜூலியா மார்கன் என்ற பெண் கட்டடக் கலைஞர் 1919இல் தொடங்கிய வேலை, 1947 வரை இழுத்தது. வரவேற்பறைகள் எனக்குக் கொஞ்சம் திகட்டின. உள்ளே இருக்கும் ரோமன் குளம் வேறு ரகம்: நீலக் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே தங்கம் பதித்திருக்கிறார்கள், தண்ணீர் அசையும்போது கூரையும் சேர்ந்து அசைகிறது.

கொஞ்சம் வடக்கே பியெத்ராஸ் பிளாங்காஸ் கரையில் யானை சீல்கள் என்ற பெரிய கடல் விலங்குகள். போகிற வழியிலேயே பார்த்துவிட்டோம். தோல் உரிந்து கந்தலாகக் கிடந்தன, நாற்றம் கார் வரை வந்தது. என் மகளுக்கு மாளிகையைவிட அவைதான் பிடித்தன.