பசங்க இங்கிலீஷை எங்கிருந்துதான் பிடிக்கிறார்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கம்பம் சித்தப்பா:
பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்ததிலிருந்து மண்டைக்குள் இது குடைகிறது. அண்ணன் மகன், பத்தாவது, தமிழ் வழி. ஆங்கிலத்தில் தேறினாலே போதும் என்று வீட்டில் வேண்டுதல். மொட்டை மாடியில் உட்கார்ந்து, கட்டம் கட்டமாக அடுக்கி வீடு கட்டும் மைன்கிராஃப்ட் கேம் ஆடிக்கொண்டிருந்தான். கதவு தானாகத் திறக்க ரெட்ஸ்டோன் (அந்த கேமில் கரண்ட் ஒயர் மாதிரி) இழுத்திருக்கிறான், திறக்கவில்லை. உடனே அந்த கேமுக்கான விக்கி தளத்துக்குப் போனான். முழுக்க ஆங்கிலம், என் ஆபீஸ் சர்க்குலர் தோற்றது. விரலால் தள்ளிக்கொண்டே போனவன் ஓர் இடத்தில் நிறுத்தி, உதடு அசையப் படித்தான். "சிக்னல் 15 கட்டத்துக்கு மேல போகாது சித்தப்பா, நடுவுல சிக்னலை ஏத்திவிட ரிப்பீட்டர் வைக்கணும்." வைத்தான், திறந்தது. கீழே வந்தால் அண்ணி, "இவனுக்கு ஒரு பாரா வாசிக்க வராது" என்கிறார். யாரை நம்ப?

சாக்பீஸ்:
அண்ணியை நம்புங்கள். விக்கியில் வேண்டியதை மட்டும் பொறுக்குவான், பாதிக்குப் படம் இருக்கும். பரீட்சைத் தாளில் படம் போட்டா கேட்கிறார்கள்?
என் அனுபவம்: ஒன்பதாவதில் லீவ் லெட்டர் எழுதச் சொன்னேன். எல்லோரும் கைடில் இருக்கும் அதே காய்ச்சல், அதே வரிகள். ஒருவன் மட்டும் தலைமையாசிரியருக்கு "ஹாய் கைஸ்" என்று ஆரம்பித்திருந்தான். முடிவில் "தேங்க்ஸ் ஃபார் வாட்சிங்". நடுவில் பாட்டி கீழே விழுந்தது, ஆட்டோ கிடைக்காதது, அப்பா லாரியில் போயிருப்பது எல்லாம் அவனே எழுதியது. கிராமர் கந்தல். ஆனால் அன்று அந்த ஒரு தாளைத்தான் கடைசி வரை படித்தேன். மார்க் என்ன போடுவது என்று இன்னும் குழப்பம்.

நாலாவது மாடி:
டீச்சர், பத்தாவது தாளில் படத்தைப் பார்த்து எழுதும் கேள்வி இருக்கிறதே! என் பெண் போன வருஷம்தான் எழுதினாள்.
அவள் பிடிஎஸ் என்கிற கொரியன் பாட்டுக் குழுவின் ரசிகை. கொரியன் பேட்டிகளை ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பாள், அதுவரை எனக்குத் தெரியும். ஒருநாள் ராத்திரி கூகுள் டாக்ஸில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்த்தேன். ஏஓ3 தளத்தில் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி எழுதும் ரசிகர் கதைக்கு இவள் பீட்டா ரீடராம், அதாவது வெளியிடும் முன் படித்துத் திருத்தம் சொல்பவள். ஓரத்தில் கட்டம் கட்டமாகக் குறிப்பு: இங்கே இவன் இவ்வளவு சீக்கிரம் மன்னிக்க மாட்டான், இந்தப் பத்தியை முன்னால் கொண்டு போ. எல்லாம் ஆங்கிலத்தில், மேலதிகாரி தோரணையில். ஸ்கூலில் வாயே திறப்பதில்லை என்று பிடிஏ மீட்டிங்கில் நான் வாங்கிய பேச்சு தனிக்கதை.

நல்லதே நடக்கும்:
என் பையனும் அந்த "ஹாய் கைஸ்" பையன் மாதிரி யூடியூப்தான். பெற்றோர் கவனத்துக்குச் சில விஷயங்கள். போனின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஆங்கிலப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் வைக்காதீர்கள், ஆங்கிலமே ஓடட்டும், கேட்பதும் படிப்பதும் ஒன்றாகும். இது சும்மா சொல்வதல்ல. ஐஐஎம் ஆமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி 1996-லேயே ஆரம்பித்த யோசனை. டிவி பாட்டுக்கு அதே மொழியில் வரிகளைக் கீழே ஓடவிட்டு எழுத்துப் பழக்கம் வளர்ப்பது. பின்னால் தூர்தர்ஷன் சித்ரஹாரிலும் வந்தது. அப்புறம், தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். டிக்‌ஷனரி கையில் கொடுக்காதீர்கள், ஊகிக்கட்டும். இரவு ஒன்பதுக்கு மேல் போன் வேண்டாம். பாதாம் ஊறவைத்துக் கொடுங்கள்.

ரயிலடி ராஜா:
பாதாம் எதற்கு சார்? போனே வீட்டுக்கு ஒன்றுதான், அதில் மொழியை மாற்றினால் அம்மாவுக்கு கால் எடுக்கத் தெரியாது.
எல்லோரும் கேம் ஆடினால் இங்கிலீஷ் வரும் என்கிற மாதிரி பேசுகிறீர்கள். என் தம்பி லாக்டவுன் முழுக்க பப்ஜி, ஹெட்போனில் ஓயாத பேச்சு. சரி, ஆங்கிலம் பிடித்துக்கொள்வான் என்று அப்பாவும் விட்டுவிட்டார். 2020 செப்டம்பரில் தடை வந்தது. அந்த வாரம் வீட்டுக்கு வந்த பீகார் டைல்ஸ் மேஸ்திரியிடம் தம்பி பொளந்து கட்டினான், இந்தியில்! சிமென்ட் கணக்கு, கூலி பேரம் எல்லாம். ஸ்குவாடில் மூன்று பேரும் உ.பி. பையன்களாம். அப்பா டம்ளரோடு அப்படியே நின்றார். எங்கள் வீட்டில், அதுவும் எங்கள் தாத்தா படம் மாட்டியிருக்கிற வீட்டில்! தாத்தா 1965-ல் உள்ளே போனவர்.

கம்பம் சித்தப்பா:
ராஜா, சிரித்து முடியவில்லை. நாலாவது மாடி அக்கா, அந்தத் தளத்தில் வயது வரம்பு உண்டா? அண்ணன் கேட்கிறார். நல்லதே நடக்கும் சார், அறிவுரை யாரும் கேட்கவில்லை.

நாலாவது மாடி:
13. ஆனால் கதைகளுக்கு மேலே ரேட்டிங் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துத் திறக்கணும். என் பெண்ணிடம் நான் கேட்டதற்கு முறைத்தாள், அதனால் ரொம்பக் கேட்கவில்லை.

சாக்பீஸ்:
படக் கேள்வி ஒன்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மிச்சத்துக்கு? பாஸாக 35 வேண்டும். அந்த ரிப்பீட்டர் பையனை ஒருநாள் பாடப்புத்தகத்தில் தெரியாத பக்கம் ஒன்றைப் படிக்கச் சொல்லி, என்ன ஆனது என்று இங்கே வந்து எழுதுங்கள்.