முதலில் வெரிகோசீல் (விதைப்பை ரத்தக்குழாய் வீக்கம்) ஆபரேஷனா, நேராக இக்ஸியா (லேபில் விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்துவது)?

வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம். கல்யாணமாகி 4 வருடம். எனக்கு 36, மனைவிக்கு 32. இதுவரை ஒரு தடவைகூட நாள் தள்ளவில்லை.

முதல் இரண்டு வருடம் டெஸ்ட் எல்லாம் அவளுக்குத்தான். தைராய்டு, ஏஎம்எச் (கருமுட்டை இருப்பு பார்க்கும் ரத்த டெஸ்ட்), ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, எல்லாமே நார்மல். கருமுட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை 6 மாதம் சாப்பிட்டாள். நான் வாயே திறக்கவில்லை, அது என் தப்பு.

போன வருடம்தான் நான் விந்து சாம்பிள் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும் என்பதால் வீட்டிலிருந்து கொண்டுபோக வழியில்லை. கோவையில், தாழ்ப்பாள் சரியாக விழாத பாத்ரூமில், வெளியே ஆள் தட்டத் தட்ட எடுத்தது. விந்தணு மில்லிக்கு 80 லட்சம், 1.6 கோடியாவது வேண்டுமாம். அசைவு 22 சதவீதம். மூன்று மாதம் கழித்தும் அதே கதை. டாப்ளர் ஸ்கேனில் இடது பக்கம் வெரிகோசீல், கிரேடு 3, அதாவது பெரியது. ஹார்மோன் சரி.

சிகரெட்டை விட்டு 8 மாதம். டீ ஃபேக்டரியில் ட்ரையர் சூடு ஆகாது என்று பேக்கிங்குக்கு மாறிவிட்டேன். மாத்திரை 4 மாதம். ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) 2 தடவை. இரண்டாவது தடவை மலைப்பாதையில் குஞ்சப்பனையில் மண் சரிந்து, பஸ் நின்று, கடைசி நிமிடத்தில்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்துவிட்டு 6 மாதம் பொறுக்கச் சொல்கிறார், விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகுமாம். இன்னொருவர் காத்திருக்காமல் இக்ஸி என்கிறார். செலவு இரண்டுக்கும் சேர்த்து தாங்காது.

கிரேடு 3-க்கு ஆபரேஷன் செய்தவர்கள் சொல்லுங்கள்: எத்தனை மாதத்தில் கவுன்ட் ஏறியது?