யாரும் பார்க்காமல் நடந்துவிடும் வேலைகள்: உங்கள் வீட்டில் எப்படி?

என் ஸ்கூட்டர் பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கல்யாணமான பிறகு நான் பெட்ரோல் போட்டதே இல்லை.

அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு அவருக்கே போன் போட்டேன். "என் வண்டிக்கு நீங்கதான் பெட்ரோல் போட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"பின்ன, தானா ஊறுமா?" என்றார்.

டயருக்குக் காற்று, இன்சூரன்ஸ் தேதி, பிரேக் எல்லாமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்ததாம். எப்போது செய்வார் என்று கேட்டேன். "ராத்திரி வெளிய போறப்ப உன் வண்டியை எடுத்துட்டுப் போவேன்ல, அப்பதான்" என்றார். தன் வண்டி வாசலில் நிற்கும்போது என் வண்டியை ஏன் எடுக்கிறார் என்று நான் சலித்துக்கொண்ட ராத்திரிகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. சிரித்துவிட்டேன்.

இவர் பிறந்தநாளை மறக்கிற ரகம். பரிசு வாங்கத் தெரியாது. அதை வைத்து நானும் என் தங்கையும் நிறைய கேலி செய்திருக்கிறோம், இனிமேலும் செய்வோம். ஆனால் அன்றைக்குப் பிறகு வீட்டைக் கொஞ்சம் துருவிப் பார்க்கிறேன். குழாய் ஒழுகினால் எல்லோருக்கும் தெரியும், ஒழுகாமல் இருப்பது யார் கண்ணில் படும்? காலையில் என் போனில் எப்போதும் முழு சார்ஜ் இருக்கிறது. நான் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிற ஆள் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது தட்டுப்பட்டிருந்தால் எழுதுங்கள். பெரிய தியாகக் கதையெல்லாம் வேண்டாம். சின்னதாகவே இருக்கட்டும்.

*

உங்கள் கணவரோடு நான் கை குலுக்க வேண்டும். ஆனால் என் மனைவி இதைப் படித்தால் "ஆம்பளைங்க செஞ்சா மட்டும் கதையா எழுதுறாங்க" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்று இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 37 தம்பதிகளிடம் குடும்பத்தில் நடக்கும் 20 காரியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்ன பங்கையும் கூட்டினால் பெரும்பாலான காரியங்களில் நூறு சதவீதத்தைத் தாண்டியது. எல்லோரும் தன் பெருமை பேசுகிறார்கள் என்று நினைப்போம், இல்லையா? அங்கேதான் வேடிக்கை. அந்தப் பட்டியலில் நல்ல வேலைகள் மட்டும் இல்லை, சண்டையைக் கிளப்புவது மாதிரியான சங்கதிகளும் இருந்தன. அவற்றிலும் தங்கள் பங்கைக் கூடுதலாகவே போட்டுக்கொண்டார்கள்.

நாம் செய்வது நமக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். நம் முதுகு வலித்தது நமக்குத் தெரியும். மற்றவர் வேலை செய்யும்போது நாம் பாதி நேரம் அந்த அறையிலேயே இருப்பதில்லை.

எங்கள் வீட்டில் நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு தாளில் எழுதிப் பார்த்தோம். இரண்டையும் கூட்டினால் வீட்டில் மூன்று பேர் வேலை செய்கிற மாதிரி வந்தது. துணி காயப்போடுவதில் மட்டும் நான் எழுபது, அவள் அறுபது. அந்த எழுபதை இன்று வரை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு பழக்கம் வந்தது, யாரும் திட்டம் போட்டது அல்ல. ராத்திரி துணி மடிக்கும்போது, மற்றவர் பார்க்காத நேரத்தில் என்ன செய்தோம் என்று சும்மா சொல்லிக்கொள்வோம். "ஸ்கூல்ல இருந்து ரெண்டு தடவை போன் வந்துச்சு." "பேங்க்ல அந்தக் கையெழுத்துப் பிரச்சினையை முடிச்சாச்சு." முதலில் இது புலம்பல் போல இருந்தது, இப்போது வெறும் செய்தி மாதிரி ஆகிவிட்டது. கேட்கிறவர் ஒரு "அப்பாடா" சொன்னால் போதும், அதுதான் எங்கள் வீட்டு நன்றி.

*

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் கணவர் நன்றி சொல்வதில் மன்னன். சொந்தக்காரர்கள் வந்தால் "இவ இல்லன்னா இந்த வீடு ஒரு நாள்கூட ஓடாது" என்பார். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைப்பார்கள். சொன்னவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாராட்டுக்குச் சிரித்து வைத்துவிட்டு, வேலையையும் நானே பார்க்க வேண்டும். அவர் ஒரு நாள் துணி மடித்தால் நான் வாய் நிறைய சொல்ல வேண்டும். நான் வருஷம் முழுக்க மடித்தால் அது வீட்டு நடப்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1980-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே வேலையை ஒருவர் பரிசாக நினைத்துச் செய்கிறார், மற்றவர் அதைக் கடமைக் கணக்கில் எழுதுகிறார். அந்த இடத்தில்தான் மனக்கசப்பு முளைக்கிறது.

இதில் கையால் செய்கிற வேலை பாதிதான். மீதி மண்டைக்குள் ஓடுகிறது. அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-இல் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டு யோசனை வேலையை அவர் நாலாகப் பிரிக்கிறார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே நினைப்பது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, சரியாக நடந்ததா என்று பார்ப்பது. முடிவெடுக்கும்போது பெரும்பாலும் இரண்டு பேரும் சேர்ந்துகொள்கிறார்கள். முதலும் கடைசியும்தான் பெண்கள் பக்கமே அதிகம் விழுகின்றன. படித்தபோது யாரோ எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து குறிப்பெடுத்த மாதிரி இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் சண்டை போடாமல், குரலை உயர்த்தாமல் சொன்னேன்: "பாப்பாவோட டாக்டர் சமாச்சாரம் இனிமே முழுசா உங்களது. நான் ஞாபகப்படுத்த மாட்டேன்." தடுப்பூசி அட்டை, பல் டாக்டர் தேதி, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட்டேன். ஆரம்பத்தில் ஒரு தேதியைத் தவறவிட்டார். எனக்கு நாக்கு துறுதுறுவென்று வந்தது, அடக்கிக்கொண்டேன். அவரே போன் செய்து வேறு நாள் வாங்கினார்.

அப்புறம் ஒரு ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல். நான் பதறி எழுந்தால் அவர் ஏற்கெனவே விளக்கைப் போட்டு மருந்தை அளந்துகொண்டிருக்கிறார். "போன தடவை எழுதின அளவு இது இல்ல. எடை கூடியிருக்கா, அதான் டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சிருந்தேன், நீ தூங்கு" என்றார்.

அந்த 'முன்னாடியே' போதும். அன்றைக்குத்தான் அவருக்கு மனசாரத் தேங்க்ஸ் சொன்னேன். சொல்லிவிட்டு நிஜமாகவே போய்த் தூங்கினேன். அது எவ்வளவு பெரிய சுகம் என்று இங்கே பாதிப் பேருக்குப் புரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கிற, அவமானப்படுத்துகிற வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கதைகளைப் படித்துவிட்டு "நானும் நல்லதைத் தேடிப் பார்க்கிறேன்" என்று இறங்க வேண்டாம். அங்கே தேட வேண்டியது உதவியும் வெளியேறும் வழியும்.

*

மேலே எழுதிய அம்மாவின் கடைசிப் பத்தியை வழிமொழிகிறேன்.

எங்கள் அனுபவம் சின்னது. நன்றி தோன்றும் விஷயங்களைக் குறித்துவைக்கிற நன்றிக் குறிப்பேடு எழுதினால் நல்லது என்று கேள்விப்பட்டு நானும் மனைவியும் தினமும் எழுத ஆரம்பித்தோம். சீக்கிரமே 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று அட்டெண்டன்ஸ் போடுகிற மாதிரி ஆகிவிட்டது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படித்தேன். அதன் முதல் சோதனையில் வாரத்துக்கு ஒரு முறைதான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அதிகபட்சம் ஐந்து விஷயம், பத்து வாரம். எரிச்சலூட்டிய விஷயங்களைக் குறித்தவர்களைவிட நன்றி தோன்றியதைக் குறித்தவர்களுக்கு வாழ்க்கையைப் பற்றித் திருப்தி கூடுதலாக இருந்தது.

நாங்களும் வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தோம். பொதுவாக எழுதக் கூடாது என்று மட்டும் ஒரு நிபந்தனை. போன வாரம் அவள் எழுதியது: "என் அண்ணன் போனில் கத்தியபோது நீங்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தது." நான் அதைச் செய்த ஞாபகமே எனக்கு இல்லை.

*

எங்கள் இருவருக்கும் வேலை ஓய்வு முடிந்து, பேரன் பேத்தி எடுத்தாயிற்று. புருஷன் பெண்டாட்டிக்குள் தேங்க்ஸ் சொன்னால் யாரோ மூன்றாம் மனுஷரோடு பேசுகிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கும். அவருக்கு அதைவிட. என் முகத்துக்கு நேராக ஒரு நல்ல வார்த்தை வந்ததாக நினைவில்லை.

ஒரு தடவை அவர் சிநேகிதரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து அறையில் அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தேன். "கண் ஆபரேஷன் சமயத்துல சொட்டு மருந்து ஒரு வேளைகூட தவறலப்பா. அலாரம் வெச்சு எழுந்து போட்டா. வேற யாரு செய்வா?" என்கிறார்! எனக்கே அது மறந்துபோயிருந்தது. ஆபரேஷன் நடந்தபோது "மெதுவா போடு, கண்ணுக்குள்ள விரலை விடாத" என்று என்னைத் திட்டிய மனுஷன் இவர்.

காதில் விழுந்ததை அவரிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை. தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். இப்போதெல்லாம் அவர் போனை எடுத்தால் நானும் பக்கத்து அறையில் ஏதாவது அடுக்க வேலை வைத்துக்கொள்கிறேன். அலமாரி ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.

*

பாட்டி, உங்கள் அலமாரிக்கு என் வணக்கம்.

எனக்கு நேராகச் சொல்லத்தான் வரும், ஆனால் கணவரிடம் மட்டும். மாமியாரிடம் சொல்லக் கூச்சம். நான் வேலைக்குத் திரும்பிய முதல் மாதங்களில் குழந்தை அழுதால் அவர் எனக்குப் போன் செய்யவே மாட்டார். சமாளித்து முடித்த பிறகு, சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போது, "மதியம் கொஞ்சம் அழுதான், இப்ப சரியாயிட்டான்" என்று சொல்வார். ஆபீசில் நான் நிம்மதியாக உட்கார்ந்தது அதனால்தான். இது நடந்து பல வருஷம் கழித்து, அவர்கள் தனி வீட்டுக்குப் போன பிறகு, ஒரு நாள் அப்படியே மெசேஜாக எழுதி அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதும் வயிற்றைக் கலக்கியது. ரொம்ப நாடகமாக இருக்குமோ, ஏதோ காரியம் ஆகவேண்டும் என்று நினைப்பாரோ என்று நூறு யோசனை. இந்தக் கலக்கம் எனக்கு மட்டும் இல்லையாம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் நன்றிக் கடிதம் எழுதியவர்களையும் பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் மிகையாகவே பயந்திருந்தார்கள். கிடைக்கப்போகும் சந்தோஷத்தையோ குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள்.

என் மாமியார் அந்த ஆய்வில் இல்லை. பத்தே நிமிஷத்தில் போன் வந்தது. "என்னம்மா ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் என்ன சொன்னாரு?" ஒன்றும் இல்லை, சும்மாதான் எழுதினேன் என்று நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நம்பிய பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "அவன் அழுதது உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டு, அந்த மதியங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குத் தெரியாத கதைகள். ஒரு மணி நேரம் பேசினோம்.

இப்போது புதுச் சிக்கல். மெசேஜை மாமியாருக்குப் படித்துக் காட்டியவர் மாமனார். "என்னைப் பத்தி ஒண்ணுமே எழுதலையா?" என்று அவர் கேட்டதாகக் கணவர் மூலம் செய்தி வந்திருக்கிறது. எழுத வேண்டும், எழுதுவேன். ஆனால் அந்த மனுஷர் செய்வது எதுவுமே கண்ணில் பட மாட்டேன் என்கிறது. மாமியாரிடம் விசாரித்தால் "அவரா? என்ன செஞ்சாரு?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். அடுத்த தடவை போகும்போது ஒரு நாள் முழுக்க அவர் பின்னாலேயே சுற்றலாம் என்று இருக்கிறேன். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.