உதட்டோரம் அடிக்கடி கொப்புளம்: களிம்பு போதுமா, மாத்திரை வேண்டுமா?

கரூர்க்காரி:
காய்ச்சல் வந்தாலும் சரி, சித்திரை வெயிலில் ஸ்கூட்டியில் அலைந்தாலும் சரி, கீழுதட்டின் இடது ஓரம் குறுகுறுக்க ஆரம்பித்துவிடும். மறுநாள் பார்த்தால் நீர் கோத்த பொடிப் பொடிக் கொப்புளங்கள் கொத்தாக நிற்கும். அது உடைந்து, பொருக்குத் தட்டி, உதிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்கிறார் அம்மா. மாமியார் பழியைப் பல்லி மேல் போடுகிறார். அசைக்ளோவிர் களிம்பு தடவுகிறேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரை கேட்கலாமா? ஆறு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன்.

கவுன்ட்டர்_அண்ணன்:
மருந்துக்கடையில் நிற்பவன் நான். களிம்பு வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பொருக்குத் தட்டிய உதட்டோடுதான் வருவார்கள். அதற்குள் வைரஸ் தன் வேலையை முடித்திருக்கும். இது ஹெர்பிஸ் வைரஸ், முகத்து நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கிருந்து அதைக் கிளப்ப எந்த மருந்தாலும் முடியாது. அது பெருகும்போது தடுக்கத்தான் அசைக்ளோவிர். அதனால் குறுகுறுப்பு தெரிந்த அன்றே ஆரம்பிக்க வேண்டும். களிம்பை நாளைக்கு 5 தடவை சரியாகத் தடவினாலும் பலன் கொஞ்சம்தான்.

அசைக்ளோவிர் மாத்திரையும் 5 வேளை. கைக்குழந்தையோடு யாருக்கு அத்தனை வேளை நினைவிருக்கும்? உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறும் வாலாசைக்ளோவிர் மாத்திரை என்றால் பெரியவர்களுக்கு 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அதோடு முடிந்தது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும், அதனால் டாக்டர் சீட்டு இல்லாமல் வேண்டாம். சீட்டை முன்கூட்டியே வாங்கி, ஒரு பட்டையைக் கைப்பையில் போட்டு வையுங்கள். குறுகுறுப்பு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் வரும்!

வெயில்_ஒவ்வாது:
எனக்கு ஒரு கடையில் அரிப்புக்கான ஸ்டீராய்டு களிம்பைத் தந்தார்கள். கொப்புளம் மூக்கு வரை ஏறிவிட்டது. டியூபில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். வெயிலால் வருகிறது என்றால் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு) உள்ள லிப் பாம் போட்டுப் பாருங்கள், எனக்குக் குறைந்தது.

கரூர்க்காரி:
நன்றி அண்ணா. பால் கொடுக்கும்போது மாத்திரை போடலாமா? வருஷத்துக்கு ஏழெட்டு தடவை வருகிறதே, அதற்கு வழி உண்டா?

கவுன்ட்டர்_அண்ணன்:
பாலில் போகும் அளவு மிகக் குறைவு. பால் கொடுப்பவர்களுக்கும் டாக்டர்கள் எழுதித் தருகிற மருந்துதான் அது, ஆனாலும் குழந்தை விஷயத்தைச் சொல்லியே கேளுங்கள். மருந்தை விட முத்தத்துக்குத்தான் பயப்பட வேண்டும் தங்கச்சி. பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும் வரை பாப்பாவுக்கு முத்தம் கிடையாது. உதட்டைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மார்பில் கொப்புளம் வந்தால் அந்தப் பக்கம் பால் கொடுக்கக் கூடாது. ஏழெட்டு தடவை என்றால் தினமும் குறைந்த அளவில் சில மாதங்கள் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, தோல் டாக்டரிடம் கேளுங்கள். கண் சிவந்து வலித்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.