'இரத்தப் புற்றணு' வேண்டாம், 'உலவுபுற்றணு' என்போம்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

மார்பகம், புராஸ்டேட், பெருங்குடல் ஆகியவற்றின் கட்டியிலிருந்து கழன்று இரத்த ஓட்டத்தில் கலந்துவிடும் செல்களுக்கு 'இரத்தப் புற்றணு' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. அது சுருக்கமான சொல்தான். ஆனால் ஏற்க இயலவில்லை. இரத்தப் புற்றுநோய் என்றால் லுக்கேமியா என்றே நம் மக்கள் அறிவார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெறும் பெண்ணின் ஆய்வறிக்கையில் இச்சொல் இருந்தால், இரத்தத்திலும் வேறொரு புற்றுநோய் வந்துவிட்டது என்று குடும்பமே கலங்கிப்போகும். 1869-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த், இறந்துபோன நோயாளி ஒருவரின் இரத்தத்தில் இவற்றை நுண்ணோக்கியில் கண்டபோதே, கட்டியில் உள்ள செல்களை இவை ஒத்திருப்பதைக் குறித்து வைத்தார். இவை இரத்தத்தில் பிறந்தவை அல்ல, அதன் வழியே செல்பவை.

'திரிபுற்றணு' என்பதும் சரிவராது; 'திரிபு உற்ற அணு' என்றும் அது பிரியும், மரபணுத் திரிபு என்ற வழக்கோ ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. 'சுற்றோட்டப் புற்றணு' பிழையற்றது என்றாலும் நாவில் தடுக்குகிறது. ஆகவே வினைத்தொகையாக 'உலவுபுற்றணு' என்று வைக்கலாம். நடுவே ஒற்று மிகாது.

அடுத்து, இச்செல்களைத் தேடும் கருவியின் பெயர். அதற்குத் 'தானியங்கிப் புற்றுநோய் கண்டறிதல்' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்களும் பல பத்து இலட்சம் வெள்ளையணுக்களும் இருக்க, உலவுபுற்றணு ஒன்றிரண்டே இருக்கக்கூடும். அதனால்தான் தானியங்கி நுண்ணோக்கி, கண்ணாடித் தகட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வோர் இடத்தையும் பல நிற ஒளியில் படமெடுக்கிறது. சாயமேற்றிய செல்லின் உட்கரு நீல நிறத்தில் ஒளிர வேண்டும், மேற்படலச் செல்களுக்குரிய சைட்டோகெராட்டின் புரதம் வேறொரு நிறத்தில் தெரிய வேண்டும், வெள்ளையணுவின் அடையாளமான சிடி45 இருக்கக் கூடாது. இம்மூன்றும் பொருந்தும் செல்களை மென்பொருள் பொறுக்கித் தர, எது மெய்யான புற்றணு என்பதை ஆய்வாளரே பார்த்து முடிவு செய்கிறார்.

எனவே 'தானியங்கிப் புற்றுநோய் கண்டறிதல்' என்பது செய்யாத வேலையைச் சொல்கிறது. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, உலவுபுற்றணுக்களை எண்ணும் செல்சர்ச் முறையிலும், பரவிய மார்பகப் புற்று உள்ளவரின் 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட உலவுபுற்றணுக்கள் இருந்தால் நோயின் போக்கு கடுமையாக இருக்கலாம் என்றே கணிக்கப்பட்டது. நோய் உண்டா இல்லையா என்று சொல்ல அது ஏற்பட்டதன்று. கருவியின் வேலைக்குத் 'தானியங்கி நுண்ணோக்கிப் படப்பதிவு' என்றும், அறிக்கையில் வரும் எண்ணுக்கு 'உலவுபுற்றணு எண்ணிக்கை' என்றும் வைக்குமாறு வேண்டுகிறேன். மறுப்பு இருப்பின் காரணத்தோடு எழுதுங்கள்.