வால்பாறைக்கு எந்த டெலி லென்ஸ்: 100-400ஆ, 70-200 எஃப்4ஆ?

கடைசிபஸ்:
ஜூன் கடைசியில் குடும்பத்தோடு வால்பாறை போகிறோம். கையில் இருப்பது கேனான் ஆர்10, அதோடு வந்த 18-150 மி.மீ. லென்ஸ். இருவாச்சிப் பறவை, வரையாடு, சிங்கவால் குரங்கு மூன்றையும் எடுக்க ஆசை. பொள்ளாச்சியிலிருந்து பஸ்தான், தோளில் மூன்று வயதுப் பையன் வேறு இருப்பான். அதனால் ஒரு கிலோ லென்ஸ் எல்லாம் வேண்டாம். ஆர்எஃப் 100-400 வாங்கலாமா, கொஞ்சம் கடன்பட்டாவது ஆர்எஃப் 70-200 எஃப்4 வாங்கலாமா?

மலைமொட்டு:
யோசிக்கவே வேண்டாம், 100-400. எடை 635 கிராம். அந்த 70-200 695 கிராம். எடையும் குறைவு, எட்டும் தூரமும் இரண்டு மடங்கு, விலையோ பாதிக்கும் கீழே. ஆர்10இன் சின்ன சென்சாரில் (1.6 க்ராப்) 400 என்பது 640 மி.மீ. போல வேலை செய்யும். இருவாச்சி அத்தி மரத்து உச்சியில் பழம் தின்றுகொண்டிருக்கும், நமக்காகக் கீழே இறங்கி வராது. 200இல் எடுத்தால் மரம்தான் கிடைக்கும்.

நனைந்தகாக்கை:
ஜூன் என்று எழுதியிருக்கிறாரே, கண்ணில் படவில்லையா? தென்மேற்குப் பருவமழை பிடித்திருக்கும் நேரம். பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மழை மிக அதிகமாகக் கொட்டும் இடங்களில் ஒன்று. 100-400க்கு மழைத் தடுப்பு சீல் கிடையாது, முன்னால் மாட்டும் ஹூடு கூடத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 400இல் எஃப்8 வேறு (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). மேகம் மூடிய நாளில் சோலைக்குள் எஃப்8 வைத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 6400க்குப் போய் நிற்கும், படத்தில் புள்ளி (நாய்ஸ்) கூடும். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், தாவுகிற குரங்கை நிறுத்தாது. 70-200இல் எஃப்4, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடுதல் (அதாவது நான்கு மடங்கு), சீலும் உண்டு. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ரோட்டோரத்துக்கே வந்துவிடும். கறுப்பு முகமும் அதைச் சுற்றிய சாம்பல் பிடரியும் ஃபிரேமை நிரப்ப 200 தாராளம். 400 மாட்டியிருந்தால் நீங்கள்தான் பின்னால் நகர வேண்டும்.

மலைமொட்டு:
குரங்கு சரி, பறவைக்கு? 200இல் எடுத்து 400 அளவுக்கு வெட்டி எடுத்தால் (க்ராப்) 24 மெகாபிக்சலில் 6தான் மிஞ்சும்.

நனைந்தகாக்கை:
மிஞ்சட்டுமே. வாட்ஸப்புக்கு அதுவே அதிகம். நாய்ஸ் இல்லாத 6 போதும் எனக்கு.

அரைஸ்டாப்:
நாய்ஸ் இல்லாத 6 கிடைக்காது, அங்கேதான் கணக்கு உதைக்கிறது. 400ஐ 8ஆல் வகுத்தால் லென்ஸின் திறப்பு 50 மி.மீ. விட்டம். 200ஐ 4ஆல் வகுத்தாலும் அதே 50 மி.மீ. தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பறவையிலிருந்து இரண்டு லென்ஸுக்குள்ளும் போகும் வெளிச்சம் ஒன்றுதான். ஐஎஸ்ஓ 1600இல் எடுத்து நான்கில் ஒரு பங்கை வெட்டிப் பெரிதாக்கினால், 400இல் 6400 வைத்து எடுத்ததைப் போலத்தான் தெரியும், கூடவே விவரமும் குறைவு. எஃப்4இன் லாபம் எப்போது என்றால், விலங்கு பக்கத்தில் நின்று 200லேயே ஃபிரேம் நிறையும்போது.

பாக்கெட்கேமரா:
ஒலிம்பஸ் 75-300 பாருங்கள், 423 கிராம்தான்.

அரைஸ்டாப்:
அது இவர் கேமராவில் மாட்டாது நண்பரே.

நனைந்தகாக்கை:
அரைஸ்டாப் சார் கணக்கு சரி. வரையாடும் குரங்கும் பக்கத்தில்தானே நிற்கும்? ஆழியாறு தாண்டி ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு ரோட்டோரப் பாறையிலேயே நிற்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டுக்கு 70-200தான். மழை இருக்கவே இருக்கிறது.

மலைமொட்டு:
ஆர்10க்கே சீல் இல்லையே அண்ணே! கேமரா நனையும்போது லென்ஸுக்கு மட்டும் ரெயின்கோட் போட்டு என்ன பயன்? எதை மாட்டினாலும் மழை உறை போட்டே ஆக வேண்டும். அப்புறம் பஸ் ஜன்னல் வழியாக வரையாடு எடுக்க அவருடைய 18-150 போதும். இல்லாதது 150க்கு மேல் உள்ள தூரம். அதற்குக் கடன் வாங்கி 200 வரை மட்டும் போவானேன்? அந்த 70-200இல் எட்டும் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டரும் மாட்ட முடியாது.

அரைஸ்டாப்:
இதில் மலைமொட்டு பக்கம்தான் நான். 18-150 இருப்பவருக்கு 70-200இல் புதிதாகக் கிடைப்பது வெளிச்சம், தூரம் அல்ல. கேட்டவருக்கு இருவாச்சி முக்கியமா, குரங்கு முக்கியமா என்று அவரே சொல்லட்டும்.

கடைசிபஸ்:
இருவாச்சிதான் சார். பையன் குரங்கைப் பார்த்தால் போதும் என்கிறான், அதற்குப் படம் வேண்டாமாம். 100-400 பக்கம் சாய்ந்துவிட்டேன். பயணத்தை டிசம்பருக்குத் தள்ளிப்போட்டால் மழைப் பிரச்சினையும் தீருமா?

மலைமொட்டு:
பெருமளவு தீரும். தாராளமாகப் போங்கள்.

நனைந்தகாக்கை:
மழை குறையும். சோலைக்குள் டிசம்பரிலும் இருட்டுதான்.